பழைய நண்பர்களைப் பார்க்கப் போன பாதிரியார்

1905-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி. சீன தேசத்தின் ஷாங்காய் துறைமுகத்தில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார்.

தலை நரைத்திருந்தது. தாடி வெள்ளை வெளேர் என்று இருந்தது. நடை தளர்ந்துவிட்டது. மகனும் மருமகளும் துணைக்கு வந்திருந்தார்கள்.

அவருக்கு வயது 72. வீட்டில் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, பேரப்பிள்ளைகளோடு பொழுதைப் போக்க வேண்டிய வயது. ஆனால் அவர் அட்லாண்டிக் கடலையும், அமெரிக்காவையும், பசிபிக் கடலையும் கடந்து வந்திருந்தார்.

அவருக்குச் சீனாவில் பதவி எதுவும் இல்லை. இருந்த பதவியை 1902-ம் ஆண்டிலேயே வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். அங்கே அவருக்கு இருந்தவை மூன்று. வயதான நண்பர்கள் சிலர், பெற்ற பிள்ளைகளைப்போல் நினைத்த சீன மக்கள், ஒரு கல்லறை.

அந்தப் பெரியவர்தான் ஹட்சன் டெய்லர். 51 ஆண்டுகளாகச் சீனாவையே நினைத்து வாழ்ந்த பாதிரியார்.

மருந்துக் கடைக்காரர் மகன்

இங்கிலாந்து நாட்டில் யார்க்‌ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே பார்ன்ஸ்லி என்பது ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் 1832-ம் ஆண்டு மே 21-ந் தேதி ஹட்சன் டெய்லர் பிறந்தார்.

தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்வார். சீன தேசத்தைப் பற்றி வீட்டில் அடிக்கடி பேச்சு நடக்கும். பையன் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தான். ஆனால் வாலிப வயதில் அவனுக்குக் கடவுள் பக்தி குறைந்துவிட்டது.

17-வது வயதில் ஒரு நாள், பொழுது போகாமல் தந்தையின் அலமாரியைத் துழாவினான். ஒரு சிறு புத்தகம் கையில் கிடைத்தது. கதை இருந்தால் படிக்கலாம், உபதேசம் வந்தால் மூடிவிடலாம் என்று திறந்தான். படித்து முடித்தபோது அவன் மனம் மாறியிருந்தது. அதே நேரத்தில் வெகு தூரத்தில் உள்ள ஓர் ஊரில் அவன் தாயார் மகனுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார். இதைப் பிற்காலத்தில் டெய்லரே எழுதி வைத்திருக்கிறார்.

சீனாவுக்குப் போவது என்று அவர் முடிவு செய்தார். வெறுங்கையோடு போனால் பயன் இல்லை, வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணினார். ஹல் என்ற நகரத்தில் ஒரு டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

கடைசி நாணயம்

ஹல் நகரில் டெய்லர் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு சிறிய அறையில் குடியிருந்தார். சீனாவில் கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்று இங்கேயே பழகிக்கொண்டார். எளிய சாப்பாடு. கட்டாந்தரைபோல் கெட்டியான படுக்கை.

ஒரு நாள் இரவு ஓர் ஏழை அவரைத் தேடி வந்தான். மனைவி சாகக் கிடப்பதாகவும், வந்து ஜெபம் செய்யவேண்டும் என்றும் கேட்டான். டெய்லர் போனார். வீட்டில் பட்டினி கிடக்கும் குழந்தைகள். பிள்ளை பெற்ற தாய் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

டெய்லரின் சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு வெள்ளி நாணயம். இரண்டரை ஷில்லிங். அதுதான் அவருடைய மொத்தச் சொத்து. சில்லறையாக இருந்தால் பாதியைக் கொடுக்கலாம். ஒரே நாணயமாக அல்லவா இருக்கிறது! ஜெபம் செய்ய மண்டியிட்டார். வார்த்தை வரவில்லை. பையில் பணத்தை வைத்துக்கொண்டு கடவுளை நம்பச் சொல்வது எப்படி என்று மனச்சாட்சி குத்தியது. நாணயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு ஜோடி கையுறை. அதற்குள் ஒரு தங்க நாணயம். மதிப்பு 10 ஷில்லிங். கொடுத்ததைப்போல் நான்கு மடங்கு! அனுப்பியவர் பெயர் இல்லை.

இல்லாதவனுக்குக் கொடுத்தால் நமக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை அன்று அவருக்குப் பிறந்தது. சாகும்வரை அது மாறவில்லை.

சடை பின்னிய வெள்ளைக்காரர்

1853-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி லிவர்பூல் துறைமுகத்தில் டெய்லர் கப்பல் ஏறினார். பாய்மரக் கப்பல். வழியில் புயல். ஐந்து மாதத்துக்கும் மேல் கடலில் கழிந்தது. 1854-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஷாங்காயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

சீன மக்கள் வெள்ளைக்காரர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அதற்குக் காரணமும் இருந்தது. இங்கிலாந்து வியாபாரிகள் சீனாவில் அபினி விற்றார்கள். சீன சர்க்கார் தடுத்தபோது, இங்கிலாந்து போர் தொடுத்து வென்றது. அபினியைக் கொண்டுவந்த கப்பல்களின் நாட்டிலிருந்துதான் வேதப் புத்தகமும் வந்தது. அபினி வியாபாரத்தைக் கடைசிவரை எதிர்த்துப் பேசியவர்களில் டெய்லரும் ஒருவர்.

கிராமங்களுக்குப் போனால், ஜனங்கள் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. அவருடைய கோட்டையும் பொத்தானையுமே வேடிக்கை பார்த்தார்கள். டெய்லர் யோசித்தார். 1855-ம் ஆண்டில் தலையின் முன்பக்கத்தைச் சிரைத்துக்கொண்டு, பின்பக்கம் நீண்ட சடை பின்னிக்கொண்டார். சீன அங்கி அணிந்தார். சீனச் சாப்பாட்டைக் குச்சிகளால் எடுத்துச் சாப்பிட்டார்.

ஷாங்காயில் இருந்த வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். தங்கள் மானம் போய்விட்டதாகச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். டெய்லர் கவலைப்படவில்லை. கிராமத்துக் கதவுகள் திறந்தன. அது அவருக்குப் போதும்.

மரியா

நிங்போ என்ற துறைமுக நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஆசிரியையாக இருந்தவர் மரியா டையர். மலாக்காவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். சீன மொழியைச் சீனர்களைப்போலவே பேசுவார்.

டெய்லர் அவரை விரும்பினார். மரியாவுக்கும் சம்மதம். பள்ளித் தலைமை ஆசிரியைக்குச் சம்மதம் இல்லை. நிலையான வருமானம் இல்லாதவன், சடை பின்னிக்கொண்டு திரிகிறவன், இவனுக்கா பெண் கொடுப்பது என்று மறுத்துவிட்டார். லண்டனில் இருந்த மரியாவின் தாய்மாமாவுக்குக் கடிதம் போயிற்று. கப்பல் தபால், பதில் வரப் பல மாதம் ஆகும். இருவரும் காத்திருந்தார்கள். சம்மதம் வந்தது. 1858-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி திருமணம் நடந்தது.

அந்த நிங்போவில்தான் வில்லியம் மார்ட்டின் என்ற அமெரிக்கப் பாதிரியாரும் இருந்தார். ஷாங்காய் பக்கத்தில் கிரிஃபித் ஜான் என்ற வேல்ஸ் நாட்டு வாலிபர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சீனாவுக்கு வந்தவர்கள். மார்ட்டின் 1850-ல் வந்தார். டெய்லர் 1854-ல் வந்தார். ஜான் 1855-ல் வந்தார். இந்த மூன்று பேரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்துப் பவுன்

1860-ம் ஆண்டில் டெய்லர் நோயாளியாக இங்கிலாந்து திரும்பினார். உடல் ஓய்ந்தது. மனம் ஓயவில்லை. அவர் அறையில் சீன தேசப் படம் தொங்கியது. அப்போது சீனாவில் 18 மாகாணங்கள். அவற்றில் 11 மாகாணங்களில் ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியார்கூட இல்லை.

1865-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, பிரைட்டன் கடற்கரையில் தனியே நடந்தார். மாகாணத்துக்கு இரண்டு பேர், மங்கோலியாவுக்கு இரண்டு பேர், ஆக 24 பேர் வேண்டும் என்று ஜெபம் செய்தார். பிறகு பாங்கில் ஒரு கணக்குத் தொடங்கினார். போட்ட பணம் 10 பவுன். சீன உள்நாட்டு மிஷன் என்ற சங்கம் இப்படித்தான் பிறந்தது.

அந்தச் சங்கத்துக்குச் சில விதிகள். யாரிடமும் பணம் கேட்பது இல்லை. கடன் வாங்குவது இல்லை. யாருக்கும் நிச்சயமான சம்பளம் இல்லை. எல்லோரும் சீன உடை அணிய வேண்டும்.

மறு ஆண்டு மே மாதம் லாமர்மூர் என்ற கப்பலில் டெய்லரும், மரியாவும், நான்கு குழந்தைகளும், 16 ஊழியர்களும் புறப்பட்டார்கள். நான்கு மாதப் பிரயாணம். கடைசியில் பெரும் சூறாவளிகள். செப்டம்பர் 30-ந் தேதி, பாய்மரம் ஒடிந்த கப்பல் ஷாங்காயில் கரை சேர்ந்தது.

ஒரே ஆண்டில் மூன்று சாவு

அடுத்த ஆண்டு கோடையில், எட்டு வயது மகள் கிரேஸ் நோயில் இறந்தாள்.

1870-ம் ஆண்டு வந்தது. பிப்ரவரியில் ஐந்து வயது மகன் சாமுவேல் இறந்தான். மற்ற பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று பெற்றோர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டனர். பெரிய பிள்ளைகள் மூவரை மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவன் ஹோவர்டு. வயது ஏழு. தாயை அவன் பார்த்தது அதுதான் கடைசி.

ஜூலையில் மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூட முழுதாக வாழவில்லை. ஜூலை 23-ந் தேதி மரியாவும் கண்ணை மூடினார். வயது 33. யாங்ட்சீ நதிக்கரையில் உள்ள ஜென்ஜியாங் நகரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

டெய்லர் உடைந்துபோனார். ஆனாலும் சீனாவை விட்டுவிடவில்லை. 1871-ம் ஆண்டு, லாமர்மூர் கப்பலில் வந்த ஊழியர்களில் ஒருவரான ஜென்னி என்ற பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஜென்னி தாயானார். 1878-ல் ஷான்சி மாகாணத்தில் கொடிய பஞ்சம் வந்தபோது, கணவரையும் பிள்ளைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டு, அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றச் சீனாவுக்குப் போன வீரப் பெண்மணி அவர்.

இழப்புக்கு விலை வாங்க மறுத்தார்

சங்கம் வளர்ந்தது. 1887-ம் ஆண்டு ஒரே ஆண்டில் 102 பேர் சீனாவுக்குப் புறப்பட்டார்கள்.

பிறகு 1900-ம் ஆண்டு வந்தது. அந்நியரை ஒழிப்போம் என்று பாக்சர் கலகக்காரர்கள் கிளம்பினார்கள். வெள்ளைக்காரப் பாதிரிமாரும், ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டனர். டெய்லரின் சங்கத்தில் மட்டும் 58 பெரியவர்களும் 21 குழந்தைகளும் உயிர் இழந்தார்கள். எல்லோரும் அவர் அழைத்து அனுப்பியவர்கள்!

அப்போது டெய்லர் சுவிட்சர்லாந்தில் நோயாளியாகக் கிடந்தார். தந்திமேல் தந்தி வந்தது. ஒவ்வொன்றிலும் சாவுச் செய்தி. அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் உடல் முழுதாகத் தேறவே இல்லை.

கலகம் அடங்கியது. அந்நிய சர்க்கார்கள் சீனாவிடம் பெருந்தொகையை நஷ்டஈடாகக் கேட்டன. டெய்லர் தன் சங்கத்துக்கு எதுவும் வேண்டாம் என்றார். கேட்பதும் இல்லை, கொடுத்தாலும் வாங்குவது இல்லை என்று முடிவு செய்தார். ஏழைச் சீனனின் வரிப்பணத்தில் இறந்தவர்களுக்கு விலை வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

1904-ம் ஆண்டு ஜூலை மாதம், சுவிட்சர்லாந்தில் ஜென்னி இறந்தார். டெய்லர் மீண்டும் தனிமரம் ஆனார்.

அப்போதுதான் சீனாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழுந்தது. மகன் ஹோவர்டு இப்போது டாக்டர். அவரும் சீனாவில் ஊழியம் செய்தவர். தந்தையை மனைவியோடு சேர்ந்து அழைத்துக்கொண்டு கிளம்பினார். டெய்லருக்கு அது 11-வது சீனப் பயணம்.

கல்லறை ஓரத்தில்

ஷாங்காயிலிருந்து யாங்சௌ போனார்கள். 1868-ல் இதே யாங்சௌவில் டெய்லரின் வீட்டைக் கலகக் கும்பல் சூழ்ந்துகொண்டு தீ வைத்தது. இப்போது அங்கே ஈஸ்டர் பண்டிகையை அமைதியாகக் கொண்டாடினார்.

அடுத்து ஜென்ஜியாங். மரியாவும் பிள்ளைகளும் உறங்கும் இடம். ஏழு வயதில் தாயைப் பிரிந்த ஹோவர்டு, 42 வயதுக்காரராகத் தந்தையின் பக்கத்தில் நின்றார். 35 ஆண்டுகள் ஓடிவிட்டன. நதி மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நண்பர்கள்

அங்கிருந்து நீராவிப் படகில் ஹாங்கோ நகருக்குப் போனார்கள். அங்கேதான் பழைய நண்பர் கிரிஃபித் ஜான் இருந்தார். ஆற்றின் எதிர்க்கரையில் வூசாங் நகரில் வில்லியம் மார்ட்டின் இருந்தார். இந்த நகரங்கள்தான் பிற்காலத்தில் ஒன்றாகச் சேர்ந்து வூகான் ஆயின.

மூன்று முதியவர்களும் சந்தித்தார்கள். மார்ட்டினுக்கு வயது 78. ஜானுக்கு 73. டெய்லருக்கு 73 நிறையப் போகிறது. சீனாவுக்கு வந்து மார்ட்டினுக்கு 55 ஆண்டு, டெய்லருக்கு 51 ஆண்டு, ஜானுக்கு 50 ஆண்டு. கூட்டினால் 156 ஆண்டு!

மூவரும் ஒரே வேதத்தைச் சொல்ல வந்தவர்கள். ஆனால் மூவர் போன வழியும் வேறு வேறு.

மார்ட்டின் கல்வியை நம்பினார். நாடுகளுக்கு இடையே உள்ள சட்டங்களைப் பற்றிய புத்தகத்தைச் சீன மொழியில் மொழிபெயர்த்தார். அது 1864-ல் வெளிவந்தது. அரசாங்கக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1898-ல் பீகிங்கில் அரசாங்கப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, மேல்நாட்டுக் கல்விக்கு அவரைத்தான் தலைவராக வைத்தார்கள். கற்றவர்கள் மாறினால் நாடு மாறும் என்பது அவர் எண்ணம்.

ஜான் புத்தகங்களையும் பேச்சையும் நம்பினார். 1861-ல் ஹாங்கோவுக்கு வந்தவர், அந்த ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார். வேதாகமத்தின் பெரும் பகுதியை எளிய சீன நடையில் மொழிபெயர்த்தார். பள்ளிகளும் ஆஸ்பத்திரியும் வளர்த்தார். 1889-ல் பிரிட்டனில் தம் சபையின் மிக உயர்ந்த பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீனாவை விட்டு வர மனமில்லை என்று மறுத்துவிட்டார்.

டெய்லரோ கிராமத்தை நம்பினார். யாரும் போகாத இடத்துக்கு ஆள் போக வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் கவலை. படிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் மற்றவர்கள் இருந்தார்கள். உள்நாட்டு மண் பாதைக்குத்தான் ஆள் இல்லை.

யார் வழி சரி என்று வாலிப வயதில் வாதாடியிருக்கலாம். வயதான காலத்தில் அதற்கு என்ன அவசியம்? மூவருமே மனைவியரைப் பறிகொடுத்தவர்கள். இளமையில் வந்து, சீனாவிலேயே நரைத்தவர்கள்.

மூவரையும் சேர்த்து ஒரு புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படம் அழியாமல் இருக்கிறது.

ரெயிலில் ஹோனான்

பிறகு டெய்லர் வடக்கே ஹோனான் மாகாணத்துக்குப் போனார். முன்பெல்லாம் அங்கே மாட்டு வண்டியிலும் தள்ளுவண்டியிலும் போக வேண்டும். நாட்கணக்கில் எலும்பு நோகும். இப்போது ரெயில் வந்துவிட்டது. சன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காலத்தில் தன் ஆட்கள் கல்லடி பட்டுத் திரும்பிய ஊர்கள் ஓடி மறைவதை அவர் பார்த்தார்.

ஊர் ஊராகச் சீனக் கிறிஸ்தவர்கள் கூடி வரவேற்றார்கள். கலகத்தில் உற்றாரை இழந்தும் நம்பிக்கையை விடாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். இந்தப் பயணத்தின் நடுவில்தான், மே 21-ந் தேதி, அவருக்கு 73 வயது நிறைந்தது.

கடைசி மாகாணம்

இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. ஹூனான் மாகாணம். அந்நியரை உள்ளே விடாத மாகாணங்களில் அதுதான் கடைசி. டெய்லரின் ஆட்கள் 1875-லேயே முயன்றார்கள். விரட்டப்பட்டார்கள். அதன் தலைநகர் சாங்ஷாவில் அவர்களால் நிலையாகத் தங்க முடிந்ததே 1901-ல்தான். 30 ஆண்டுகளாக ஜெபித்த மாகாணத்தை டெய்லர் கண்ணால் பார்த்ததில்லை.

ஜூன் 1-ந் தேதி அவர் சாங்ஷா சேர்ந்தார்.

ஜூன் 3-ந் தேதி, சனிக்கிழமை. சீனக் கிறிஸ்தவர்கள் அவரைப் பார்க்கக் கூடினார்கள். அவர்களோடு பேசினார். மாலையில் அவ்வூரில் இருந்த பாதிரிமார் பலரும் வந்து தோட்டத்தில் அவரைச் சந்தித்துப் போனார்கள். சிரித்த முகத்தோடு எல்லோரையும் வழியனுப்பினார்.

இரவு படுக்கையில் சாய்ந்திருந்தார். மருமகள் பக்கத்தில் இருந்தார். திடீரென்று மூச்சு ஒரு தரம் திணறியது. மகன் ஓடி வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலி இல்லை, வேதனை இல்லை. தூங்குவதுபோல் உயிர் பிரிந்தது.

சாங்ஷாவின் சீனக் கிறிஸ்தவர்கள் ஒன்று கூடினார்கள். சவப்பெட்டியை நாங்களே வாங்குவோம் என்று கேட்டுக்கொண்டு, நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கினார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் காலை வைக்கவிடாத மாகாணம் அது. அந்த ஊரார்தான் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப்போல் அனுப்பி வைத்தார்கள்.

படகு யாங்ட்சீ நதியில் இறங்கிப் போயிற்று. ஜென்ஜியாங்கில், மரியாவின் பக்கத்தில் டெய்லரை அடக்கம் செய்தார்கள். 10 பவுனில் தொடங்கிய சங்கத்தில் அன்று 800-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள்.

பிறகு நடந்தது

நண்பர்கள் இருவரும் அவருக்குப் பின் சில காலம் வாழ்ந்தார்கள். ஜான் உடல் தளர்ந்து பிரிட்டன் திரும்பி, 1912-ல் லண்டனில் காலமானார். மார்ட்டின் 1916-ல், 89-வது வயதில் பீகிங்கிலேயே காலமானார்.

1949-ல் சீனாவில் ஆட்சி மாறியது. சில ஆண்டுகளில் டெய்லரின் சங்கத்தார் எல்லோரும் வெளியேற நேர்ந்தது. ஜென்ஜியாங் கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் டெய்லரின் கல்லறைக் கல் அழியவில்லை. அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். பின்னாளில் அவ்வூர்ச் சீனக் கிறிஸ்தவர்கள் தங்கள் தேவாலயத்தில் அதை மீண்டும் நிறுத்தினார்கள்.

அந்நியப் பாதிரிமார் எல்லோரும் போன பிறகும் அந்தக் கல்லுக்கு அந்த ஊரில் இடம் கிடைத்தது.